பனியைக் கழித்த உயரம்

மலையைப் பல விதமாக அளக்கலாம். தூரத்தில் நின்று கோணக்கருவியால் உச்சியைப் பார்த்துக் கணக்குப் போடலாம். மேலே ஏறி, காற்றழுத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கலாம். இப்போது செயற்கைக்கோளே சொல்லிவிடுகிறது. ஒரு பெண்ணின் சித்தப்பா ஒரு மலையைக் கீழே நின்று அளந்தார். அவளுடைய அப்பா அதன் மேலே ஏறினார். வந்தது வினை.

நில அளவைத் துறையில் தம்பி அதிகாரி, அண்ணன் களப்பணியாளர். நாட்டிலேயே உயரமான மலை இதுதான் என்று தம்பி அறிவித்துப் பேரும் புகழும் வாங்கிய மறுமாதம், அண்ணன் உச்சிக்குப் போய், கம்பிகளை ஒன்றோடொன்று திருகிப் பனிக்குள் இறக்கினார். பதினொரு மீட்டர் இறங்கிய பிறகே பாறை தட்டியது. பனியைக் கழித்தால் பக்கத்து மலைதான் உயரம்.

"அண்ணன் உச்சிக்கே போகல. பாதி வழியில உக்காந்து இஷ்டத்துக்கு எழுதிக்கிட்டு வந்திருக்காரு" என்றார் தம்பி, விசாரணையில். அப்பாவுக்கு வேலை போயிற்று. 'புளுகு மூட்டை' என்ற பெயர் மட்டும் சாகும்வரை போகவில்லை.

மகள் அதே துறையில் சேர்ந்தாள். சித்தப்பாவுக்கே வணக்கம் சொல்லிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி இருபத்திரண்டு வருடம் காத்திருந்தாள். இந்த வருடம் மறுஅளவைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. ரேடார் சொன்ன பனியின் கனம், பத்தே முக்கால் மீட்டர்.

மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. அலுவலகக் கூடத்துக்கு, ஓய்வு பெற்ற சித்தப்பாவின் பெயரை வைக்கும் விழாவில் புது அளவை அறிவிப்பதாக ஏற்பாடு. அவர் பேசி, கைதட்டல் வாங்கி உட்கார்ந்ததும் அவள் எழுந்தாள். பாறையின் உயரத்தைப் படித்தாள். பிறகு பக்கத்து மலையின் உயரத்தைப் படித்தாள்.

"முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் சித்தப்பா, முகம் வெளிறி.

"சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்களே, சித்தப்பா." மைக்கை அவர் முன்னால் நகர்த்தினாள். "அப்பா உச்சிக்குப் போனாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க."

முன்வரிசையில் சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சின்ன வயதில் அவளுக்குத் தலை பின்னிவிட்ட கை அது. ஆனாலும் மைக்கை இழுத்துக்கொள்ளவில்லை.

"போனாரு" என்றார் சித்தப்பா. "அப்பவே எனக்குத் தெரியும்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

அவர் மறுபடியும் சொன்னார்.