அன்று வராதவர்

பதினோராவது பெயருக்குப் பிறகு தீபலட்சுமிக்கு எழுத ஆள் கிடைக்கவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் கேட்டது இருபது பெயர். அதற்கு மேல் ஒரு தலை கூடினாலும் வழக்கு என்று போனிலேயே சொல்லிவிட்டார். வேறு நாளாக இருந்தால் இந்தத் தெருச் சாவுக்குப் பந்தல் போடவே இருபது பேர் வருவார்கள், அதில் பத்துப் பேர் சும்மா நின்று யோசனை சொல்வார்கள். இன்றைக்கோ கண்டரமாணிக்கத்து அத்தை வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். மதுரைச் சித்தப்பாவுக்கு இ-பாஸ் வரவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் காலை ஏழரைக்கே சாத்தியாகிவிட்டது.

அப்பா சேவுகப்பெருமாள் செத்தது கொரோனாவில் இல்லை. காலையில் காப்பியைக் குடித்துவிட்டு, கொல்லைப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தபோது அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸம்மா மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, இல்லை என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வாசல் கதவில் ஒட்டிவைத்திருந்தார்கள். ஆனால் ஆறடி தள்ளி நிற்கிற தெருவுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ஐஸ் பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

"தூக்குறதுக்கு நாலு பேரு வேணும்ல தாயி" என்றார் முத்தரசு பெரியப்பா. அப்பாவின் பங்காளி, மூத்தவர். "எம் முட்டி ஒன்னுக்கும் ஆகாது. எம் மகன் கார்த்திகேயன் ஒருத்தன். மிச்சம் மூணு ஆளுக்கு எங்குட்டுப் போக? அந்தப் படகு மன்றத்து ஆளுகளுக்குச் சொன்னீகளா?"

அப்பாவின் தலைமாட்டில் தனியாக உட்கார்ந்திருந்த அம்மா பாண்டீஸ்வரி நிமிர்ந்தாள். இந்த ஊரில் புருஷனைப் பறிகொடுத்தவளைத் தனியாக அழவிட மாட்டார்கள். நாலு பேர் கட்டிக்கொண்டுதான் அழுவார்கள். இன்றைக்கு அவள் தன் முழங்காலைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவனுக ஒருத்தன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. இந்த மனுசன் தலையில பழியப் போட்டுத் தள்ளிவச்சாய்ங்க. எவனோ போலீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிக் குடுத்தான், எவன்னு தெரியல. அவன் குடும்பம் வெளங்குமா? அவன் நல்லா இருப்பானா?"

தீபா பேனாவை மூடினாள். போன் பண்ணியது அவள். அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடல் எங்கோ தொண்டியில் இருக்க, மானகிரி தாண்டி ஒரு கண்மாயில் பாய்ப்படகு மன்றம் நடத்தியவர் அப்பா. சிங்கப்பூரில் ஒரு படகு மன்றத்தில் பத்தொன்பது வருஷம் படகு கழுவும் வேலை. பணக்காரப் பிள்ளைகள் ஓட்டுகிற சின்னச் சின்னப் பாய்ப்படகுகள். ஒரே ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஏறிக்கொள்ளச் சொன்னாராம். அந்த முக்கால் மணி நேரத்தை அப்பா ஊருக்குத் திரும்பிய பிறகு முன்னூறு தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லி அலுத்ததும் பிளைவுட் வாங்கி, தானே அறுத்து, ஃபைபர் பூசி, இரண்டு படகு செய்தார். பாய்த்துணிக்கு வழியில்லாமல் பழைய கல்யாண ஃப்ளெக்ஸைத் தைத்துக் கட்டினார்கள். கும்பிட்ட கையோடு மணமக்கள் கண்மாயில் குறுக்கும் நெடுக்கும் போவதைப் பார்க்கக் கரையில் கூட்டம் சேர்ந்தது. 'ஊருக்கு ரோடு இல்ல, கப்பல் விடுறாய்ங்க' என்று டீக்கடையில் சிரித்தவர்கள்தான் அடுத்த மாதம் பெயர் கொடுத்தார்கள். அப்பாவோடு சேர்த்து மொத்தம் எட்டுப் பேர். பள்ளிக்கூடத்து ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர் மெய்யநாதன், மருந்துக்கடை மரியப்பன், இப்படி.

முதல் அலை ஊரடங்கு தளர்ந்தபோது அப்பா சட்டம் போட்டார். படகுக்கு ஒரு ஆள், ஆளுக்கு அரைமணி. போட்டுக் கழற்றிய மிதவைச் சட்டையை இரண்டு நாள் வெயிலில் காயப்போட வேண்டும். காயப்போட்ட தேதியைக் கரைப் பனைமரத்தில் சாக்பீஸால் எழுதவேண்டும். அரசாங்கமே அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. ஆனால் இரண்டாவது அலையில் முழு ஊரடங்கு வந்தபோது, அந்தச் சட்டம் போட்டவரே மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு விடியுமுன் திருட்டுத்தனமாகக் கண்மாய்க்குப் போனார்.

"காத்துக்கு ஏதுடி ஊரடங்கு?" என்பார் கேட்டால்.

சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த தீபாவுக்கு, இரண்டு வாரத்தில் சுற்றுவட்டாரத்தில் எட்டுச் சாவு என்பது தெரியும். அப்பாவின் சர்க்கரை எவ்வளவு என்பதும் தெரியும். கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு வியாழக்கிழமை அப்பாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. இன்றைக்குப் போலீஸ் வந்தால் அப்பா மாட்டமாட்டார், படகு விடுவது மட்டும் நின்றுபோகும் என்று கணக்குப் போட்டு அவள் போனை எடுத்தாள்.

அப்பா மாட்டவில்லை. மற்ற ஏழு பேரும் மாட்டினார்கள். முப்பது வருஷம் ஊர்ப்பிள்ளைகளுக்குத் தோப்புக்கரணம் போடச் சொல்லிக்கொடுத்த மெய்யநாதன் மாஸ்டர், தன்னிடம் படித்த ஒரு கான்ஸ்டபிளின் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு ஐம்பது எண்ணினார். சொசைட்டிக்குப் பால் ஊற்ற வந்தவர்கள் படம் பிடித்தார்கள். மத்தியானத்துக்குள் பள்ளத்தூர் வரை போய்விட்டது அந்தப் படம். பாய்கள் இரண்டும் ஸ்டேஷனுக்குப் போயின, மணமக்களோடு.

அன்றைக்குப் பார்த்து வராதவர் யார்? அந்தக் கேள்வி வரும் என்பது ஏனோ அவளுக்குத் தோன்றவே இல்லை. அதற்கப்புறம் அப்பாவுக்கு ஒரு போன் இல்லை. மன்றத்து வாட்ஸ்ஆப்பிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். அவரும் யாரிடமும் இல்லை என்று சொல்லவில்லை. கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பதினோரு நாள்.

அவர்கள் வந்தது ஒன்பதே முக்காலுக்கு. யாரும் சொல்லி வரவில்லை. எதிர்ச்சாரியில் ஆளுக்கு ஆள் ஆறடி விட்டு, முகக்கவசத்தோடு வரிசையாக நின்றார்கள். ஏழு பேர். வந்துவிட்டார்களே தவிர, தெருவைக் கடந்து இந்தப் பக்கம் வரும் உத்தேசம் ஒருவருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

தீபா வாசலுக்குப் போனாள். "சார், உள்ள வாங்க."

"இல்லம்மா" என்றார் மெய்யநாதன். "எங்களுக்குப் படகேறச் சொல்லிக் குடுத்த மனுசன். வராம இருக்க முடியல. ஆனா தூக்கக் கூப்பிடாத. இவங்களுக்கு இன்னும் மனசு ஆறல. எனக்கும்தான்."

"அப்பா அப்பிடிச் செய்வாருன்னு நெசமாவே நெனக்கிறீகளா சார்?"

"நான் எங்க நெனச்சேன்? இவங்கதான் மொதல்ல சொன்னாய்ங்க. நான் இவங்களச் சத்தம் போட்டேன். மறுநாள் சாயங்காலம் அவரே எங்க வீட்டு கேட்டுக்கு வெளிய வந்து நின்னாரு. அயர்ன் பண்ண சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு. 'மெய்யநாதா, நான்தான் போன் பண்ணேன். சுத்திச் சுத்திச் சாகுறாக, பயமாருந்துச்சு'ன்னாரு. அதுக்கு மேல நான் என்னம்மா நெனக்கிறது?"

அது தீபா போலீஸிடம் சொன்ன வாக்கியம். சுற்றிச் சுற்றிச் சாகிறார்கள் சார், பயமாக இருக்கிறது. அதே சொற்கள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் அவள் போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. மணியடித்து, அப்பாதான் எடுத்தார். புகார் கொடுத்த நம்பருக்கு ஸ்டேஷனிலிருந்து திரும்பப் பேசியிருப்பார்கள், அவள் சொன்னதைப் படித்தும் காட்டியிருப்பார்கள். அப்பா பிடித்துக்கொண்ட கழுத்தோடு உடம்பையே திருப்பிக்கொண்டு வந்து போனை அவள் மேஜையில் வைத்தார். "யாரோ தப்பா அடிச்சுட்டாக" என்றார். அம்மாவிடம் காப்பி கேட்டார். அவ்வளவுதான். அந்த முகத்தில் அவள் எதையும் பார்க்கவில்லை, ஏனென்றால் அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மீட்டிங்கில் இருந்தாள்.

"நான்தான் சார்" என்றாள்.

"என்னம்மா?"

"நான்தான்."

"கேக்கல தீபா. மாஸ்க்க எறக்கிட்டுச் சத்தமாச் சொல்லு."

இதைக் காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம், யாருடைய தோளிலாவது சாய்ந்து சொல்லியிருக்கலாம், வேறொரு வருஷமாக இருந்தால். இந்த வருஷத்தில் தெருவின் அகலத்துக்குக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. முகக்கவசத்தை இறக்கினாள்.

"நான்தான் சார் போன் பண்ணேன்! அப்பா இல்ல! நான் பண்றப்ப அப்பாவுக்கு ஒன்னுமே தெரியாது! எனக்காக அவரு பொய் சொல்லிருக்காரு!"

எதிர்வீட்டு ஜன்னல் விரலளவு திறந்தது. உள்ளே அம்மாவின் அழுகை நின்றது. வாசலில் நின்ற முத்தரசு பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

தீபாவுக்கு யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது.

மரியப்பன்தான் பேசினார். "போன வாரம் கடைக்கு வந்தாரு. சுகர் மாத்திர கேட்டாரு. நான் மூஞ்சியக்கூடப் பார்க்கல. பொட்டலத்த மேசையில வச்சுட்டு உள்ள போயிட்டேன்." அப்புறம், அவளைப் பார்க்காமலே, "ஏம்மா, இத ஒரு நாள் முன்னாடி சொல்லிருக்கக் கூடாதா?"

தீபா முகக்கவசத்தை மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

மெய்யநாதன் குனிந்து செருப்பைக் கழற்றினார். கழற்றி, சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தார். அவளைத் தாண்டும்போது நிற்கவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. அவர் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆறடி மூன்றடியாகி, வாசல்படியில் தோளோடு தோள் இடித்தது.

பெயர்கள் பதினெட்டாயின. எடுக்கும்போது மெய்யநாதன் பழக்கதோஷத்தில், "ரெடி, ஒன்னு, ரெண்டு" என்றார். மூன்று வரவில்லை. மற்றவர்கள் தாங்களாகவே தூக்கிக்கொண்டார்கள். நெட்டையும் குட்டையுமாக நாலு பேர் அகப்பட்டதால் அப்பா ஒரு பக்கம் சாய்ந்தபடியே போனார். தெருமுனையில் பெண்கள் நின்றுவிட வேண்டும். பெண்கள் என்று இருந்தது இரண்டே பேர். திரும்பி வந்தார்கள்.

வீடு கழுவ வேண்டும். அதற்கும் அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் குடத்தோடு வருவது வழக்கம். யாரும் வரவில்லை. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மோட்டார் போட்டாள். தீபா வாளியோடு நின்றாள். அம்மா கத்துவாள், அடிப்பாள், இனி முகத்திலேயே முழிக்காதே என்பாள் என்று காத்திருந்தாள். அவளுக்கு அது வேண்டியும் இருந்தது.

"உள்ளருந்து ஊத்திக்கிட்டு வா" என்றாள் அம்மா. "நான் தள்ளுறேன்."

ஊற்றினாள். அம்மா விளக்குமாற்றால் தள்ளினாள். பூவும் வேப்பிலையும் கலந்த தண்ணீர் அறையறையாக வெளியேறியது. அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்துக்கு வந்ததும் அம்மாவின் கை நின்றது.

"போன் பண்ணது நீயின்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. எனக்கு இன்னைக்குத்தான்..."

"அதான்" என்றாள் அம்மா. தரையைப் பார்த்துத்தான் பேசினாள். "பதினோரு நாளும், புள்ள சாப்புட்டாளா, புள்ள சாப்புட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. இந்த மனுசனுக்கு என்ன கிறுக்கான்னு வஞ்சேன்."

தண்ணீர் பாதி வாசலில் தேங்கி நின்றது.

"நிக்காதடி. ஊத்து."

தீபா அடுத்த வாளியைச் சாய்த்தாள்.