பதினொரு குன்றிமணி பலம்

சிமென்ட் ஆலை எடைமேடையில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். அரியலூரைச் சுற்றியிருந்த சுண்ணாம்புக்கல் முழுவதும் என் கண் முன்னால்தான் லாரியேறிப் போனது. கூட்டிப் பார்த்தால் ரஞ்சன்குடிக் கோட்டையைக் குன்றோடு சேர்த்து நான்கு முறை நிறுத்திருப்பேன். கேட்பவர் வெளியூர்க்காரர் என்றால் ஐந்து முறை.

அப்பேர்ப்பட்டவனுக்கு ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்த வேலை, ஒரே ஒரு விரலின் பலத்தை நிறுப்பது.

விரல் என் மனைவி செங்கமலத்தினுடையது. இரண்டாயிரத்து மூன்று தை மாதம் அவளுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாயும் கோணிக்கொண்டது. அவள் ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் நான் ரெட்டிபாளையம் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். கை கால் பயிற்சி கொடுக்கப் புதன்கிழமைதோறும் அரியலூரிலிருந்து லாவண்யா என்ற பெண் ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாள். ஆடி மாதம் ஒருநாள் அவள் என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"ஐயா, வெரல்ல துளி பலம் இருந்தாப் போதும், புடிச்சி ஏத்திடலாம். என் கைக்கு ஒண்ணும் தட்டுப்படல. இன்னும் கொஞ்ச நாள் பாக்குறேன். அப்புறமும் சும்மா வந்து போக எனக்கு மனசு வரலிங்க."

"ஏம்மா, லாரி மேல எறும்பு ஏறினா எடை கூடாதா? கூடும். மேடைக்குத் தெரியாது, அவ்ளோதான். ஒன் கை பெரிய மேடை."

"சின்ன பலத்த அளக்க மெஷின் இருக்குங்க, திருச்சியில. வெலையக் கேட்டா நீங்களும் பக்கத்துல படுத்துக்குவீங்க."

அந்த ஒரு பேச்சில் எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. மெஷினா? நானே செய்கிறேன் பார் என்று இறங்கினேன்.

இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு ஒன்று. அதன் ஒரு முனையை இரும்புக் கட்டிலின் சட்டத்தோடு கம்பி போட்டு இறுக்கினேன். மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. அந்த முனையில் செங்கமலத்தின் பவுடர் டப்பாக் கண்ணாடியை உடைத்து ஒரு துண்டு ஒட்டினேன். லப்பைக்குடிக்காட்டில் துபாய் சாமான் விற்கிற கடையில், பட்டனை அமுக்கினால் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற சாவிக்கொத்து ஒன்று வாங்கிவந்து ஜன்னலில் கட்டினேன். அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டு எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளியாக விழும். பிளேடு மயிரிழை வளைந்தால் போதும், சுவரில் புள்ளி விரற்கடைக் கணக்கில் ஏறும். ஈ உட்கார்ந்தால் எந்தக் காலை முதலில் வைத்தது என்றுகூடச் சொல்லிவிடும் கருவி!

எடைக்கல்லுக்கு வேலியில் காய்த்த குன்றிமணி. பிளேடின் நுனியில் தீப்பெட்டித் தட்டைத் தொங்கவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் புள்ளி ஒரு நெல் நீளம் ஏறியது. சுவரில் கரித்துண்டால் கோடு கிழித்தேன்.

பிறகு தட்டைக் கழற்றிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, செங்கமலத்தின் மணிக்கட்டைப் பிடித்து, ஆள்காட்டி விரலைப் பிளேடின் நுனியில் வைத்தேன். புள்ளி அடங்கியது.

"அமுக்கு புள்ள. அமுக்கு, அமுக்கு!"

புள்ளி ஏறியது. மூன்று குன்றிமணி!

மறுநாள் ஐந்து. அடுத்த வாரம் எட்டு. நான் டீக்கடையில் சொல்லும்போது எட்டு எண்பதானது. டீக்கடையிலிருந்து ரெட்டிபாளையம் போய்ச் சேருவதற்குள் அது என்ன ஆயிற்றோ, ஒருநாள் என் பழைய சிநேகிதன் அரியமுத்து வீடு தேடி வந்துவிட்டான். கல் லாரி ஓட்டியவன். லோடோடு எடை போடும்போது கிளீனரை மேடையில் நிற்கவைத்து எடை ஏற்றப் பார்க்கிற ஜாதி. அவனுடைய கிளீனர்களை "எறங்குடா! மேடைய வுட்டு எறங்குடா!" என்று கத்திக் கத்தித்தான் என் தொண்டை இப்படி ஆனது. தூக்கத்திலும் கத்துவேன்.

"என்னா அய்யம்பெருமாளு, தங்கச்சி ஒத்த வெரல்ல டிராக்டர நகத்துதாமே?"

"டிராக்டர் போன வாரம். இப்ப டேங்கர்."

"அப்ப என் லாரி கெணத்துல கெடக்குது, வந்து தூக்கிவுட சொல்லு."

செங்கமலம் எங்களையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் சந்தோஷமாக இருக்கும்போது குறுக்கே பேசுகிற பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது.

புதன்கிழமை லாவண்யா வந்தாள். அரியமுத்துவும் வேடிக்கை பார்க்கக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கட்டிலில் உட்கார்ந்தேன், மணிக்கட்டைப் பிடித்தேன், புள்ளி அடங்கியது.

"அமுக்கு புள்ள!"

புள்ளி துள்ளி ஏறிப் பதினொன்றாம் கோட்டில் நின்றது.

"ஐயா!" என்று லாவண்யா கை தட்டிவிட்டாள். "நெசமாவே இருக்குங்க! நான் வாரம் மூணு நாள் வரேன். ஆறு மாசம், எட்டு மாசம் ஆனாலும் பாத்துடலாம்."

அப்போதுதான் செங்கமலம் வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"எ... றங்... குடா."

நாற்பது வருஷத்தில் "என்னாங்க", "இந்தாங்க" தவிர வேறு பேச்சு அவளிடமிருந்து வந்ததில்லை. நோய் மரியாதையையும் கொண்டுபோய்விட்டது என்றுதான் நினைத்தேன். "மூள கொழம்பிடுச்சாம்மா?" என்று லாவண்யாவைக் கேட்டேன்.

நிலையோரம் அரியமுத்து சிரிக்க ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

"யோவ், தங்கச்சி தெளிவாத்தான் இருக்குது. மேடையில நிக்கிறது நீதாய்யா. எறங்கு."

இறங்கினேன். நான் எழுந்ததும் கட்டில் சட்டம் கிறீச்சிட்டது. புள்ளி சுவரில் எங்கேயோ போய், திரும்பி வந்து நின்றது. அமுக்கு அமுக்கு என்று ஆவலில் நான் முன்னால் சாய்ந்த சாய்வுக்குத்தான் சட்டம் வளைந்திருக்கிறது, பிளேடு சரிந்திருக்கிறது. ஆவல் கூடக் கூட எடையும் கூடியிருக்கிறது.

லாவண்யா நின்றபடியே விரலைப் பிளேடின் நுனியில் எடுத்து வைத்துவிட்டுக் குனிந்து கேட்டாள். "அம்மா, இப்ப அமுக்குங்க."

செங்கமலத்தின் நெற்றியில் வியர்வை பூத்தது. இடது கை போர்வையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. சுவரில் புள்ளி ஆணி அடித்ததுபோல நின்றது.

"மொத நாளு... புள்ளி ஏறுச்சே, அப்ப அமுக்குனீங்களாம்மா?"

செங்கமலம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். இல்லை. என் பக்கம் அவள் திரும்பவில்லை.

லாவண்யா பையை எடுத்துக்கொண்டாள். புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைக்கிற விதத்தை எனக்கு இன்னொரு முறை காட்டிக்கொடுத்தாள். "ஏதாச்சும்னா போன் பண்ணுங்க ஐயா," என்று சொன்னாள். அடுத்த புதன் என்ற பேச்சே எடுக்கவில்லை. அவள் ஸ்கூட்டி தெரு முனை திரும்பும்வரை அரியமுத்து பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "வரேன்யா," என்று தோளில் கை வைத்துவிட்டுப் போனான். கிண்டல் ஒன்றும் பண்ணவில்லை, படுபாவி. பண்ணியிருக்கலாம்.

கம்பியை அவிழ்க்கக் குறடு எடுத்துவந்தேன்.

"ஏ... று," என்றாள்.

"எதுக்கு? அதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சே."

"ஏ... றுங்... க."

மரியாதை திரும்பி வந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். அமுக்கச் சொல்லவில்லை. நானாகச் சாய்ந்தேன். புள்ளி குதித்து ஏறியது. கோணிய வாயின் நல்ல பக்கம் மட்டும் சிரித்தது.

"எத்... தினி?"

வெயில் ஏறி அவள் கண் கூசியது. சுவர் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"பதினொண்ணு," என்றேன்.

ஒன்பதுதான்.