சவுக்குக்கு நாலு வருஷம்

நாலு வருஷத்தில் சவுக்கை வெட்டியதும் வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் சார்லஸ் துபாய்க்குப் போனார். சிதம்பரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஒன்றரை ஏக்கரில் கன்று நட்ட கையோடு கிளம்பினார். கடலூரில் கடற்கரை ஓரமாக என் அண்ணன் ராபர்ட் போட்ட சவுக்கு மளமளவென்று வளர்ந்ததைப் பார்த்து வந்த ஆசை அது. விவரம் தெரிந்தவர்களிடம் மண்ணைக் காட்டிக் கேட்டுவிட்டு நடலாம் என்றேன். "ஒரே ஜில்லாதான, மண்ணு மட்டும் வேறயா?" என்றார். பெரிய மேதாவி.

ஐப்பசி மழையில் வயலில் பதினைந்து நாள் தண்ணீர் நின்றது. கன்றுகள் அத்தனையும் அழுகிப்போயின. போன் வரட்டும், நன்றாகக் கேட்கிறேன் என்று இருந்தேன். குரலைக் கேட்டதும் மனசு வரவில்லை.

"சவுக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து மாதாமாதம் பஸ் ஏறிக் கடலூர் போய், அண்ணன் தோப்பில் நின்று போட்டோ எடுத்து அனுப்புவதே என் பிழைப்பாகிவிட்டது. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

நிலம் சும்மா கிடக்கிறதே என்று போன வாரம் ஒரு முழ ஆழம் தோண்டி, அந்த மண்ணை நர்சரி மாலதியிடம் கொண்டுபோனேன். அவள் தண்ணீர் தெளித்துக் கையில் உருட்டினாள். அறுபடாமல் கயிறு மாதிரி நீண்டது.

"சுத்தக் களிமண்ணுக்கா. இதுல சவுக்கு நிக்காது. நீர்மருது வைங்க, தண்ணி நின்னாலும் தாங்கும்."

"எப்ப வெட்டலாம்?"

"பதினஞ்சு வருஷமாவது ஆவும்."

அங்கேயே அழுதுவிட்டேன். கன்று வாங்க வந்தவள் எதற்கு அழுகிறாள் என்று தெரியாமல் மாலதி விழித்தாள், பாவம்.

சாயங்காலம் அவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். "பதினஞ்சு வருஷம் என்னால முடியாது மாமா" என்றேன். அவர் திட்டவில்லை.

"தெரியும் ராணி. மொத போட்டோவுலயே உன் காலடியில மணலு. நம்ம நெலத்துல ஏது மணலு?"

"தெரிஞ்சுமா இத்தன நாளு சும்மா இருந்தீங்க?"

"இன்னும் ரெண்டு வருஷந்தான்னு நெனச்சாத்தான் இங்க தூக்கம் வருது."

பிறகு அவரே ஒன்று கேட்டார்.

"நாளைக்கு நம்ம வயல்ல நின்னு ஒரு போட்டோ அனுப்பு."

"வெறும் வயலு. பாக்க என்னா இருக்கு?"

"செருப்பு இல்லாம நில்லு. காலுல நம்ம மண்ணு தெரியணும்."