பேர் விட்டுப்போன ஸ்தோத்திரம்

தேவபிரசாதம் ஸ்தோத்திரச் சீட்டு எழுதுவதில் கெட்டிக்காரர். மற்றவர்கள் "காய்ச்சல் குணமானதற்காக", "மகன் பாஸானதற்காக" என்று ஒரு வரியில் முடித்துக் காணிக்கையோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். உபதேசியார் பர்னபாஸ் அதை ஞாயிறு ஆராதனையில் சபைக்குக் கேட்கும்படி வாசிப்பார். எல்லோரும் ஆமென் சொல்வார்கள். தேவபிரசாதத்தின் சீட்டு மட்டும் பாதிச் சங்கீதம் போல நீளும். நாற்பத்தாறாம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் போட்ட சீட்டு இது: "மகா ஆழத்துக்குள் இறங்கிப்போன அடியேனைத் தமது கரத்தினாலே தூக்கியெடுத்து, ஜீவனோடே கரை சேர்த்த கர்த்தருடைய பெரிதான கிருபைக்காக, தேவபிரசாதமும் குடும்பத்தாரும் ஏறெடுக்கும் ஸ்தோத்திரம்."

உபதேசியார் அதை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். தேவபிரசாதம் தலையைக் குனிந்துகொண்டார். பக்தியில் குனிந்தது பாதி. மீதி எதனால் என்பது அவருக்குத் தெரியும்.

ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். பர்னபாஸ் உபதேசியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வெள்ளந்தியாக ஒன்று கேட்டார்.

"ஒம்மத் தண்ணிக்குள்ள இருந்து தூக்கின ஆளு பேரு என்னவே? அடுத்த வாரம் அவருக்காகவும் ரெண்டு வார்த்த ஜெபிப்போம்."

"கர்த்தர்தான் தூக்கினாரு, உபதேசியாரே."

"அது சரி. அவரு யாரு கையக் கொண்டு தூக்கினாருன்னு கேக்கேன்."

தேவபிரசாதம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "அந்த நேரத்துல யாரு எவருன்னு தெரியல. கூட்டமா நின்னாங்க," என்றார்.

நான்கு அடி தள்ளி, வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நின்றிருந்த மனைவி ஞானவடிவு இதைக் கேட்டாள். அவருக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தாள்.

யார் தூக்கியது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தோணித் தண்டல் ரோச். மாதா கோயில் தெருக்காரர், கத்தோலிக்கர், ஐம்பது வயதுக்கு உளி மாதிரி உடம்பு. தூத்துக்குடியில் கரையோரம் ஆழமில்லாததால் கப்பல்கள் ஐந்து மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். தண்டல் தோணிக்குப் பொறுப்பு. தோணியில் இறங்கும் மூட்டையை எண்ணுவது போட் ஆபீஸ் குமாஸ்தாவான தேவபிரசாதத்தின் வேலை.

அந்த ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமை வந்தது கோதுமைக் கப்பல். பன்னிரண்டு மூட்டைகளை ஒரு கயிற்றுவலையில் கட்டிக் கப்பலின் பாரந்தூக்கி மேலிருந்து இறக்கும். தோணியில் நிற்கும் தண்டல், வலையில் கட்டிய கைக்கயிற்றைப் பிடித்து இழுத்து, அதைத் தோணிக்குள் சரியாக இறங்கவைக்க வேண்டும். வலை இறங்கி முடியும்வரை குமாஸ்தா பின்பலகையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. இது ஆபீஸ் சட்டம். இதைவிடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. கப்பல்காரனிடம் ஊசி நூல்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் வேலை போகும்.

தேவபிரசாதம் இரண்டையும் ஒரே நேரத்தில் மீறினார். மேல்தட்டில் நின்ற ஒரு வெள்ளைக்கார மாலுமி, சிரித்துக்கொண்டே ஒரு பிஸ்கட் டின்னைக் காட்டினான். மூடியில் ரோஜாப்பூப் படம் போட்ட பெரிய டின். கிறிஸ்துமஸுக்கு வரும் சம்பந்தக்காரர்கள் முன்னால் அதை மேசையில் வைத்தால் எப்படி இருக்கும் என்று இவருக்கு ஆசை பொங்கிவிட்டது. எழுந்து, மூட்டைமேல் ஏறி, இரண்டு கையையும் நீட்டினார். மாலுமி போட்டான். அலை தூக்கியது. டின்னில் விரல் பட்டது, காலடியில் மூட்டை நழுவியது, அடுத்த நொடி கப்பலுக்கும் தோணிக்கும் நடுவே தண்ணீருக்குள் இருந்தார். நீச்சல் தெரியாது. துறைமுகத்தில் பதினொரு வருஷம் வேலை பார்க்கிறவருக்கு நீச்சல் தெரியாது என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதுதான் உண்மை.

ரோச் கைக்கயிற்றை விட்டுவிட்டுக் குதித்தார். பிடியில்லாத வலை ஆடிப் போய்க் கப்பல் பக்கத்தில் மோதிக் கிழிந்தது. பன்னிரண்டு மூட்டைக் கோதுமையும் கடலுக்குள் போயிற்று. மறுநாள் விடியுமுன் கப்பலும் போயிற்று.

அரிசியைக் கண்ணால் காண முடியாத காலம் அது. ரேஷன் கடையில் கோதுமைக்கே தெருக்கோடிவரை வரிசை நின்றது. பன்னிரண்டு மூட்டை கடலில் விழுந்தது என்றால் யார் நம்புவார்கள்? எந்தக் கரையில் இறக்கி எவனுக்கு விற்றான் என்றுதான் கேட்பார்கள். அப்படியே ஆபீஸில் கேட்டார்கள். மூட்டை கடலில்தான் விழுந்தது என்று தோணி ஆட்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவர்கள் ரோச்சின் சொந்தக்காரர்கள். ஆபீஸ் மனிதர் ஒருவர் சொன்னால் போதும். அந்த மனிதர் வியாழக்கிழமை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "தண்ணி குடிச்சு மயங்கிட்டேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ரோச்சின் துறைமுகப் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்குக் காகிதம் போலீஸுக்குப் போவதாக ஏற்பாடு.

ஆறு கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பி என்பார்கள். நம் ஆள் கடலையே கடந்தவர்.

அந்த ஞாயிறு மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு ஞானவடிவு எதிரில் உட்கார்ந்தாள்.

"ரோச் தண்டல்னு நீங்கதான புதன்கிழம சாயங்காலம் எங்கிட்டச் சொன்னிய. கோயில்ல வச்சுத் தெரியாதுங்கிய."

"மகிமைய மனுசனுக்குக் கொடுக்கலாமா ஏளா? மகிமை ஒருத்தருக்குத்தான்."

"மகிமைய யாரு கேட்டா? பேரத்தான கேட்டாரு."

தேவபிரசாதம் குழம்பில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று இருந்தவர், சோற்றைப் பார்க்கவே பயந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். டின்னைச் சொன்னார், பாஸைச் சொன்னார், போலீஸைச் சொன்னார். சொல்லி முடித்ததும், பழக்க தோஷத்தில் வேதத்துக்குள் ஒளியப் பார்த்தார்.

"இயேசு சொகமாக்கின பத்துக் குஷ்டரோகியில ஒருத்தன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான். நானும் வந்து சொல்லத்தான செய்தேன்?"

"சொன்னான். மத்தவன் தலையில பழியத் தூக்கி வச்சிட்டா வந்து சொன்னான்?" ஞானவடிவு எழுந்து தட்டை எடுத்துக்கொண்டாள். "ஒங்க வேல போனா நான் முறுக்குச் சுட்டு விப்பேன். அந்த மனுசன் செயிலுக்குப் போனா, நீங்க அடுத்த சீட்டுல என்ன எழுதுவிய?"

தேவபிரசாதம் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார். வெட்கத்தில் காது சுட்டது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே போட் ஆபீஸில் போய் நின்றார். தலைமைக் குமாஸ்தா வீரபாகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வாயைத் திறந்தால் குத்தல். தேவபிரசாதம் வழியெல்லாம் நெட்டுருப் போட்டு வந்த பேச்சு, அவர் முகத்தைக் கண்டதும் காற்றில் போயிற்று.

"அண்ணாச்சி, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. மயக்கம்னு சொன்னது பொய்."

வீரபாகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சொல்லும்."

சொன்னார். ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல, நெஞ்சில் ஐந்து நாளாக ஏறி உட்கார்ந்திருந்த பாரம் படிப்படியாக இறங்குவது தெரிந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குத் தோன்றியது.

வீரபாகு மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டார். ரோச்சின் வாக்குமூலம். அடியில் பெருவிரல் ரேகை. 'கயிறு கை நழுவிப் போச்சு, தப்பு என்னுடையது' என்ற ஒரே வரி. குமாஸ்தா விழுந்ததும் இல்லை, குதித்ததும் இல்லை, டின்னும் இல்லை.

"எத்தன தரம் கேட்டும் இதத்தான் சொன்னான். ஒம்மக் காப்பாத்தக் குதிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நீரு எதுக்குப் பின்பலகைய விட்டு எந்திரிச்சீருன்னு நாங்க கேட்டிருப்போம். அதான் சொல்லல போல." வீரபாகு காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். "டின்னு எங்க?"

"கடல்ல போச்சு அண்ணாச்சி. விரலு மட்டும் பட்டுது."

"கடல்ல கெடக்க டின்ன எவன் புடிச்சிட்டு வந்து கேஸு போடுவான்? இரும், தொரைகிட்டப் பேசிட்டு வாரேன்."

உள்ளே போனவர் வர அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரம் தேவபிரசாதம் ஜெபிக்கக்கூட இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். வீரபாகு வந்து சொன்னார்: கடல் வேலை இனிமேல் கிடையாது. நாளை முதல் சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கியில், தரையில் நின்று மூட்டை எண்ண வேண்டும். ரோச் மேல் பழி எதுவும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

"இந்தாரும் அவன் பாஸு. பியூன்கிட்டக் குடுத்து அனுப்பலாம். ஆனா நீரே கொண்டு போய்க் குடும்," என்றார் வீரபாகு. "நீச்சல் தெரியாத பயலுக்குத் தரையில நடக்கவாது தெரியுதான்னு பாப்போம்."

ரோச் கடற்கரையில், கரையேற்றிய தோணி ஒன்றின் நிழலில் பாய்த்துணி தைத்துக்கொண்டிருந்தார். தேவபிரசாதத்தைக் கண்டதும் எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்தார். தேவபிரசாதம் பாஸை நீட்டினார். ரோச் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்வே. டின்னையும் சொல்லிட்டேன்."

"ஐயையோ, ஏன் சொன்னிய? வேல?"

"இருக்கு. கிட்டங்கிக்கு மாத்திட்டாவ."

ரோச், "மாதாவே" என்று நெஞ்சில் குருசு போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். தேவபிரசாதமும் எதிரில் உட்கார்ந்தார். இனிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. கடவுளுக்கு மணிமணியாக எழுதத் தெரிந்த மனிதருக்கு, ஒரு சாண் தூரத்தில் இருந்த மனிதனிடம் அந்த ஒரு சொல் வரவில்லை. கடலைப் பார்த்தார், தைத்த துணியைப் பார்த்தார், கடைசியில் ரோச்சின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீரு இல்லன்னா நான் இல்லவே. ரொம்ப நன்றி."

ரோச் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். முகம் இருண்டுவிட்டது.

"எனக்கு நன்றி சொல்லாதிய ஐயா. நீங்க விழுந்ததும் நான் குதிக்கல. கைல கயிறு. விட்டா பன்னெண்டு மூட்ட போயிரும், பாஸு போயிரும், புள்ளகளுக்குக் கஞ்சி போயிரும்னு நெனச்சேன். நீங்க ஒருக்க மேல வந்து உள்ள போனிய, நான் கயித்தப் புடிச்சிட்டுப் பாத்துக்கிட்டே நின்னேன். ரெண்டாந்தரம் உள்ள போனப்பதான் விட்டேன். ஒரு உசுரு போவயில மூட்டைய எண்ணிட்டு நின்ன பய நான். அதான் ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லல. காப்பாத்தினேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பூசைக்குப் போனாலும் மாதா மொகத்தப் பாக்க முடியல."

தேவபிரசாதம் அவரையே பார்த்தார். இந்த ஐந்து நாளும் இரண்டு வீட்டில் இரண்டு பேர் ஒரே மாதிரி புரண்டு படுத்திருக்கிறார்கள். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிடித்த கையை விடவில்லை.

"ஒரு நொடி யோசிச்சிட்டு வந்தீரு. அதுக்கா இந்தப் பாடு? நான் அஞ்சு நாளு யோசிச்சிட்டுல்லா வந்திருக்கேன்."

ரோச் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, வெகுநேரம் மூச்சை அடக்கி வைத்திருந்தவர் போல ஒரு பெருமூச்சு விட்டார்.

"வந்துட்டியல்லா ஐயா," என்றார். "போதும்."