பஞ்சாரத்துக்குள் ஒரு நிலா

கொடியில் வெள்ளை வேட்டி தொங்குகிறது, பின்னால் எரியும் குண்டு பல்பின் வெளிச்சத்தில் முழுக்க மஞ்சளாகி, சாரல் காற்றுக்கு மெல்ல உப்பி அடங்குகிறது, அதன் முன்னால் இரண்டு தலைகள், நரைத்தது இவருடையது, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியது டெல்பின் டீச்சருடையது, இரண்டும் ஒரே பூச்சியைக் குனிந்து பார்க்கின்றன, நான் அடுப்படி ஜன்னலில் நின்று அந்தத் தலைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைக் கண்ணால் அளந்துகொண்டிருக்கிறேன், அது கல்யாணத்துக்கு என் அப்பா எடுத்துக்கொடுத்த வேட்டி, பெட்டிக்குள் பத்திரமாக இருந்ததை எடுத்து, வெளிச்சத்துக்கு வரும் பூச்சி ஒட்ட விரித்துவிட்டார், உரக்கடையில் காலமெல்லாம் பூச்சிமருந்து விற்ற மனுஷன், போன வருஷச் சாரலில் இந்த டீச்சர் மாற்றலாகிப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து பூச்சியைக் கொஞ்சுகிறார், அண்ணாச்சி, றெக்கையில கண்ணு மாதிரி இருக்கு பாத்தியளா, என்பாள், ஆமா டீச்சர், மை தீட்டுன கண்ணு, என்பார், எனக்கு நான் மை தீட்டிய காலம் ஞாபகம் வருகிறது, தேரோட்டத்தன்று புதுச்சேலை உடுத்தி இவர் முன்னால் இரண்டு தடவை குறுக்கே நடந்தேன், மூன்றாம் தடவை நடந்தபோது, என்னத்தத் தேடுத, என்று கேட்டார். டீச்சர் என்னை மதினி என்பாள், நீங்களும் வாங்களேன் மதினி, என்று கூப்பிடவும் செய்வாள், அவள் மேல் ஒரு குற்றம் சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

இந்த வருஷம் முதல் சாரல் விழுந்ததிலிருந்து இருவருக்கும் ஒரே பேச்சு, நிலாப்பூச்சி, வெளிர்பச்சை நிறம், உள்ளங்கையை விடப் பெரியது, பின்னால் இரண்டு நீள வால், இவர் இன்னும் கண்ணால் கண்டதில்லை, அதுக்கு வாயே கெடையாது அண்ணாச்சி, ஒண்ணும் திங்காது, ஒரு வாரந்தான் உசுரு, ஆனா பொட்டை சும்மா ஒரு எடத்துல உக்காந்திருந்தாப் போதும், ஆணெல்லாம் வாசம் புடிச்சு மலையிலேருந்து எறங்கி வந்துரும், என்று அவள் சொல்ல, இவர் வாய்விட்டுச் சிரித்தார், அவள் சொன்னது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது, அந்தச் சிரிப்பு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது, என்னிடம் இவர் இப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துக்கொண்டே நின்றதில் கல்லில் தோசை கருகிப்போனது.

மறுநாள் விடிந்ததும் புறவாசலில் சருகு கூட்டப் போகிறேன், ஒதிய மரத்தின் கீழ்க்கிளையில் அது தொங்குகிறது, கனவில்தான் கூட்டிக்கொண்டிருக்கிறேனோ என்று விளக்குமாற்றை ஒருமுறை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், பச்சை, சொன்ன அதே பச்சை, அப்போதுதான் கூட்டைக் கிழித்து வெளியே வந்து சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது, இங்க வாங்க, என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கூப்பிட்டால் ஓடிவருவார், பார்ப்பார், அடுத்த நொடியே வேலிப்பக்கம் திரும்பி டீச்சர் டீச்சர் என்று கத்துவார், முடியாது, இது நான் கண்டது, முந்தானையில் ஏந்தி, மார்போடு சேர்த்துக் கொண்டுபோய், விறகுக் குவியலுக்குப் பின்னால் கோழி மூடும் பஞ்சாரத்துக்குள் விட்டேன், சேலையை விட்டு இறங்க மனமில்லாமல் நூலைப் பற்றிக்கொண்டே கிடந்ததை மெல்லப் பிரித்துத்தான் விட வேண்டியிருந்தது. சாயங்காலம் இவர் வேட்டியைக் கட்டினார், அவளும் வந்தாள், தவிட்டு நிறத்தில் ஏதோ நாலைந்து வந்து ஒட்டின, நிலாவக் காணுமே, என்று இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள், எனக்கு மனசு குளிர்ந்தது, கேட்காமலேயே சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், இன்னைக்குக் காப்பி ரொம்ப நல்லாருக்கு மதினி, என்றாள், குடிக்கட்டும்.

அதே சேலையோடு படுத்து, விடிந்தும் விடியாமலும் எழுந்து, அதைப் பார்க்கத்தான் போனேன், போனால் பஞ்சாரத்தின் மேலெல்லாம் பச்சை, ஏழோ எட்டோ, பிரம்பைத் தழுவிக்கொண்டு சிறகு துடிக்கின்றன, ஒன்று எழும்பி என் முந்தானையில் உட்கார்கிறது, இன்னொன்று தோளில், அவள் சொன்னது இப்போதுதான் என் காதில் விழுகிறது, உள்ளே இருப்பது பொட்டை, அதன் வாசம் என் சேலையிலும், ஒளித்துவைத்தவளுக்கு ஊரே கூடிவிட்டது. ஏட்டி, அசையாத, என்று பின்னால் இவர் குரல், நீயா புடிச்சு வச்ச, ஆமா, எப்ப, நேத்துக் காலையில, ஏன் சொல்லல, சொன்னா டீச்சரக் கூப்புடுவிய, என்றேன். இவர் வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூப்பிடவில்லை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டே வருகிறார், குனிகிறார், மூச்சு என் கழுத்தில் படுகிறது, எவ்வளவு அழகு, என்கிறார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில், கொடியில் வேட்டி வெறுமனே கிடக்கிறது, சாரல் காற்றுக்கு என் சேலை மெல்ல உப்பி அடங்குகிறது, இவர் கண் எங்கே இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்க்கிறேன், தோளில் இருக்கும் அந்தப் பச்சையின் மேல்தான், வாயில்லாத அந்தப் பூச்சியின் மேல் எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வருகிறது, தட்டிவிட்டால் அது போய்விடும், கூடவே இவரும் போய்விடுவார், நான் அசையாமல் நிற்கிறேன்.