பதினான்காம் காலின் மறுமுனை

திங்கட்கிழமை காலை புது மென்பொருளை ஏற்றினார்கள். பத்தரை மணிக்கு அது ஓர் அறிக்கை கொடுத்தது. போர்டில் இருக்க வேண்டிய ஆயிரத்து நூற்றுப் பதினேழு இணைப்புகளில் ஒன்று மட்டும் பாக்கி. ஒரு முனை, சிப்பின் பதினான்காம் கால். மறுமுனை, ஹெப்சிபா.

ஹெப்சிபா அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், லிஃப்டுகளுக்கு சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். திரையைப் பார்த்தாள். பதினான்காம் காலிலிருந்து மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று கிளம்பி, போர்டின் ஓரத்தைத் தாண்டி, திரையின் விளிம்பைத் தாண்டி, மேஜைமேல் இறங்கி, அவள் வலது மணிக்கட்டில் வந்து முடிந்திருந்தது. துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

பழைய மென்பொருள் இப்படியெல்லாம் கேட்டதில்லை. அப்போது போர்டை ஒன்றில் வரைவார்கள், சிப்புக்குள் போகும் லாஜிக்கை இன்னொன்றில் எழுதுவார்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். புதியது இரண்டையும் ஒரே திரையில் வைத்துப் பார்த்தது. அதன் கண்ணிலிருந்து எதுவும் தப்பவில்லை.

பதினோரு மணிக்கு ருக்மாங்கதன் போன் செய்தார். தினமும் அந்த நேரத்துக்குச் செய்வார். பதினாலு மாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்டில், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே, அவர் பத்தொன்பது நாளாக இருக்கிறார். கொத்தமல்லி வாங்க ஒன்பதாவது மாடியிலிருந்து கிளம்பியவர். புது போர்டு வந்தால்தான் லிஃப்ட் நகரும்.

"போர்டு ஆயிடுச்சாம்மா?"

"ஒரே ஒரு கனெக்‌ஷன்தான் சார் பாக்கி."

"நல்லது, நல்லது. அவசரமில்ல. வெள்ளிக்கிழமை பொண்ணுக்குக் கல்யாணம். அதுக்குள்ள ஆனா சந்தோஷம்."

"நிச்சயதார்த்தம் ஆயிடுச்சா சார்?"

"போன புதன்கிழமையே ஆச்சு. கதவு இடுக்கு வழியாத்தான் தட்டு மாத்திக்கிட்டோம். தேங்கா மட்டும் நுழையல."

அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. அதுதான் ஹெப்சிபாவுக்குத் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டு நேராக மானேஜர் தணிகாசலத்திடம் போய் மணிக்கட்டை நீட்டினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அப்ப உன்னை போர்டுல வச்சிட வேண்டியதுதான்."

"என்னையா சார்?"

"உன் பேருதானே போட்டிருக்கு. ஆனா மென்பொருளோட பாகங்கள் லைப்ரரியில நீ இல்ல. முதல்ல அளவெடுக்கணும்."

இழுப்பறையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தார். தோள்பட்டையை இரண்டு முறை அளந்து சராசரி எழுதிக்கொண்டார்.

"எத்தனை கால்?"

"ரெண்டு சார்."

"ரெண்டு காலுன்னா ரெசிஸ்டர். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. எப்படி மாட்டினாலும் ஒண்ணுதான்."

"எனக்கு முன்பக்கம் இருக்கு சார்."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா. சூடு எவ்ளோ தாங்குவ?"

வீட்டில் இரண்டு அடுப்பு. வர இரண்டு பஸ். இங்கே ஏ.சி. ஓடாத அறை. "நல்லாவே தாங்குவேன்" என்றாள்.

"நூத்தி இருவத்தஞ்சு டிகிரி போட்டுக்கறேன். மதிப்பு?"

"என்ன மதிப்பு?"

"உன் மதிப்புதான். ரெசிஸ்டர்னா மதிப்பு எழுதணும்."

பன்னிரண்டு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. தணிகாசலம் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். மென்பொருள் அதற்கும் ஒத்துக்கொண்டது.

போர்டின் மேல்பக்கத்தில் இடமில்லை. "அடிப்பக்கமாப் போயிடு" என்றார். அதற்கான துளை பிரிண்டருக்குப் பக்கத்தில் இருந்தது. சுற்றிலும் தாமிரம் பூசியிருந்தது. ஹெப்சிபா சுரிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு இறங்கினாள்.

அடிப்பக்கமும் அம்பத்தூராகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறியிருந்தது, மாடிகள் கீழ்நோக்கி இறங்கின. கடைப் பெயர்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியிருந்தது. இட்லிக் கடைக்காரர் இடது கையால் பரிமாறினார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கென்று ஓரடி அகலத்தில் ஒரு தாமிரப் பாதை போட்டிருந்தது. அதன்மேல்தான் நடக்க வேண்டும். அடுத்தவர் பாதையைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். ரயில் நிலையம் அருகே கேஸ் சிலிண்டர்காரர் ஒருவரின் பாதை குறுக்கே வந்தது.

"நீங்க சுத்திப் போயிடுங்கம்மா" என்றார் அவர். "என்னுது மெயின் சப்ளை."

நியாயம்தான். சுற்றிக்கொண்டு போனாள். குடியிருப்புக்கு வந்து சேர்ந்தபோது வியாழக்கிழமை மதியம் ஆகியிருந்தது.

வாசலில் வாட்ச்மேன் நின்றார். குடியிருப்போர் சங்கம் போன மாதம்தான் அவருக்குள் புது லாஜிக் எழுதியிருந்தது.

"ரெண்டு பேரு சேந்து வந்தாத்தான் கேட்டு தொறக்கும் மேடம்."

"நான் ஒருத்திதான் வந்திருக்கேன்."

"என் லாஜிக்ல ஒண்ணும் ஒண்ணும் சேந்தாத்தான் ஒண்ணு. ஒண்ணும் சைபரும் சேந்தா சைபர்தான்." மரியாதையாகத்தான் சொன்னார்.

அவள் வெயிலில் நின்றாள். கால்மணி நேரத்தில் ஒரு பெண் டிஃபன் கேரியரோடு வந்தாள். இரண்டு கையிலும் மருதாணி. ருக்மாங்கதனின் மகள் நீரஜா.

"நீங்கதான் போர்டு அக்காவா? வாங்க, சேந்து போயிடலாம். தினமும் அப்பாவுக்குச் சாப்பாடு வாங்கிட்டு வந்து இங்க ஜோடிக்கு ஆள் வர்ற வரைக்கும் நிக்கறேன். நேத்து ரசம் ஆறிப்போயி அப்பா சாப்பிடவே இல்ல."

இருவரையும் பார்த்ததும் வாட்ச்மேன் திறந்துகொண்டார். ஆறாவது மாடிக்குப் படி இறங்கினார்கள். கடைசிப் படிக்கு மேலே, ஹெப்சிபாவின் தாமிரப் பாதை முடிந்த இடத்தில், புதிதாக ஒரு துளை விழுந்திருந்தது. ஏறினால் லிஃப்ட்.

ருக்மாங்கதன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். "உக்கார இடமில்ல, மன்னிக்கணும்" என்றார்.

பட்டன்களுக்குப் பக்கத்தில், சுவரில், வெள்ளைக் கோட்டால் ஓர் ஆள் உருவம் வரைந்திருந்தது. அவள் அளவுதான். அதற்குள் போய் நின்று வலது கையைப் பலகையில் பதித்தாள். மணிக்கட்டு வழியாகச் சில்லென்று ஏதோ ஓடியது. லிஃப்ட் ஒருமுறை குலுங்கி ஏறத் தொடங்கியது.

ஒன்பதாவது மாடியில் கதவு திறந்ததும் நீரஜா அழுதாள். ருக்மாங்கதன் ஒரு காலை மட்டும் வெளியே வைத்துப் பார்த்துவிட்டு மற்றதையும் வைத்தார்.

"நாளைக்குக் கல்யாணத்துக்கு வந்துடுங்கம்மா. மொட்டை மாடியில."

"நான் நகர முடியாது சார்."

"நீங்க இல்லாம யாருமே மேல வர முடியாதே" என்றார்.

தணிகாசலம் போன் செய்தார். "ரிப்போர்ட் க்ளீன். பாக்கி ஒண்ணுமில்ல. சபாஷ்!"

"நான் எப்ப வரட்டும் சார்?"

"நீ வந்தா ஒண்ணு பாக்கி ஆயிடுமே."

மறுநாள் முந்நூறு பேரை மேலே ஏற்றினாள். ஒவ்வொருவரின் எடையும் மணிக்கட்டில் தெரிந்தது. சாம்பார் அண்டா கனமாக இருந்தது. மாப்பிள்ளை அவ்வளவாகக் கனக்கவில்லை. மேளச் சத்தம் ஓய்ந்து வெகுநேரம் கழித்து, பட்டு வேட்டியில் ருக்மாங்கதன் வந்தார்.

"நீங்க இன்னும் சாப்பிடலையே. நான் பிடிச்சுக்கறேன். போயிட்டு வாங்க."

கோட்டு உருவத்துக்குள் புகுந்து கையை வைத்தார். லிஃப்ட் எதையும் கவனிக்கவில்லை. மஞ்சள் கோடு அவள் மணிக்கட்டிலிருந்து வழுக்கி அவருடையதற்கு மாறிக்கொண்டது.

கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாள். பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று யாரும் கேட்கவில்லை. பாயசம் இரண்டு முறை வாங்கிக்கொண்டாள். திரும்பி வந்தபோது நீரஜா மாப்பிள்ளையோடு சேலத்துக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

"போதும் சார். விடுங்க."

ருக்மாங்கதன் கையை எடுக்கவில்லை. "வீட்ல இனிமே நான் ஒண்டியா என்ன பண்றது? இங்கன்னா போறவங்க வர்றவங்க முகத்தையாவது பாக்கலாம்."

"இது என் இடம் சார்."

"தெரியும்மா. உங்களுக்குத்தான் போறதுக்கு வேற இடம் இருக்கே."

ஹெப்சிபா யோசித்தாள். திங்கட்கிழமையிலிருந்து வீட்டிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

"எந்த மாடிம்மா?"

"கீழ."

கதவு மூடியது. மாடிகள் ஒவ்வொன்றாகப் போயின. தரைத்தளமும் போனது. ருக்மாங்கதன் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் கீழயா?"

"ஆமா சார். எங்க இறங்கறதுன்னு இன்னும் தெரியல."

"சரி. கால் வலிச்சா உக்காந்துக்கங்க."

உட்கார்ந்துகொண்டாள்.