மதகடியில் எடுத்த படம்

முகம் மறந்துபோச்சு. அம்சவள்ளிக்கு அதுதான் தாங்க முடியலை. மூணு வருஷத்துக்கு முந்தி காலராவில் போன மகள் செங்கமலத்தின் குரல் காதிலேயே இருக்கிறது, எண்ணெய் தேய்த்த தலையின் வாசனைகூட இருக்கிறது. முகத்தை நினைத்தால் மட்டும் வேறே யாரோ வீட்டுப் பிள்ளை வந்து நிற்கிறது. பெத்தவளுக்கு இதைவிட என்ன கேடு வேணும்? புருஷன் ராசாங்கத்திடம் சொன்னால், "விடு புள்ள, நெனச்சி என்ன ஆவப்போவுது" என்று எழுந்து போய்விடுவான்.

அப்படி இருக்கையில்தான் திருச்சியிலிருந்து காலேஜ் வாத்தியார் சிவசுப்பிரமணியன் விக்கிரமங்கலத்துக்கு வந்து இறங்கினார். "வெள்ளைக்காரன் போகப்போறான், நம்ம சீமை சரித்திரத்த இனிமே நாமதான் எழுதணும்" என்பார் எடுத்ததுக்கெல்லாம். பண்ணையார் தர்மராஜ் வீட்டு வாசலில் ஜமக்காளம் விரித்து, துருப்பிடித்த வாள், செப்புக்காசு, ஓலைச்சுவடி, பழைய போட்டோ எல்லாத்தையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதில் ஒரு படம் எந்த இடம் என்று பண்ணையாருக்கே தெரியலை. கூலியாட்கள் கூடையும் மண்வெட்டியுமாக வரிசையாக நிற்கிற படம்.

"கொட்டாயில சாணி அள்ளுறா பாருங்க, அவ ஏரி வேலைக்கெல்லாம் போனவ. ஏ அம்சவள்ளி, இங்க வா!" என்று கூப்பிட்டார் பண்ணையார்.

கையைப் புடவையில் துடைத்தும் துடைக்காமலும் வந்து எட்ட நின்றாள். வாத்தியார் படத்தைத் தூக்கிக் காட்டியதுமே தெரிந்துவிட்டது.

"நம்ம பெரியேரி மதகுங்க சாமி. ஒடப்பெடுத்து மறுபடி கட்டுனப்ப ஒரு தொர வந்து புடிச்சாரு."

சொல்லும்போதேதான் நினைப்பு வந்தது. அன்றைக்கு இடுப்பில் செங்கமலம் இருந்தாளே! அப்படியானால் இத்தனை நாளாகத் தேடின முகம் இந்த அட்டையிலேயா இருக்கு?

"சாமி, கொஞ்சம் கிட்டக்க காட்டுங்க. செத்துப்போன எம்மவ இருக்கா அதுல. ஒரே ஒரு தரம்."

வாத்தியார் நல்ல மனுஷர்தான். எழுந்து வந்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்தார். கூட மண் சுமந்த பூமாலை நிற்கிறாள், குஞ்சம்மாள் நிற்கிறாள், அடுத்தது அவளேதான். இடுப்பில் குழந்தை. கொழுகொழுவென்று கால் தெரிகிறது, அரைஞாண் கயிறு தெரிகிறது. முகத்துக்கு மேலே ஒரு கை.

அவள் கைதான். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று அன்றைக்கு மதகடியில் ஒரே பேச்சு. நமக்குக் குறைந்தால் குறையட்டும், பச்சைப் பிள்ளையை விடலாமா? துரை கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் மகள் முகத்தை இறுக்கப் பொத்திவிட்டாள். "எம்மவ ஆயுச நான் காப்பாத்திப்புட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாளே, அடிப் பாவி!

"இதுல உன் மக எதும்மா?" என்றார் வாத்தியார்.

அம்சவள்ளி விரலை நீட்டினாள். படத்திலிருந்த அந்தக் கையை நகத்தால் ஓரத்தில் நெம்பினாள். கொஞ்சம் விலகினால் போதும், கன்னமாவது தெரியும்.

"ஏய், தொடாதடி!" என்று பண்ணையார் கத்தினார்.

வாத்தியார் வெடுக்கென்று படத்தை இழுத்து, ஒட்டியிருந்த சாணியைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தில் கை உரிந்து போயிருந்தது. அதற்கு அடியில் வெறும் வெள்ளை அட்டை.

"பெரியேரி மதகு, கூலியாட்கள்" என்று பின்பக்கம் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அம்சவள்ளி நகத்து இடுக்கில் ஒட்டியிருந்த படத்துக் கறுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.